சீனப் போர்ப்படம், 'ஓவியர் பெயர் தெரியவில்லை': எந்தப் போர், யார் வரைந்தது, எவ்வளவு உண்மை?

கேள்வி இதுதான். ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் ஒரு சீன அச்சுப்படம் இருக்கிறது. கடற்கரையில் சண்டை, பின்னால் புகை கக்கும் கப்பல்கள், விழுந்து கிடக்கும் வெளிநாட்டுச் சிப்பாய்கள், நடுவில் ஒற்றைச் சீன எழுத்து போட்ட பெரிய கொடி. குறிப்பு அட்டையில் "போர்க்காட்சி, சீனா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஓவியர் பெயர் தெரியவில்லை" என்பதோடு சரி. கொடியில் இருப்பது 'லியூ' என்ற குடும்பப்பெயர் என்று சீனம் படிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். இது எந்தப் போர்? வரைந்தவர் ஏன் பெயர் போடவில்லை? படத்தில் இருப்பது உண்மையில் நடந்ததா?

கொடியில் பெயர் கிடைத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். இல்லை. சிக்கலே அந்த லியூதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களில் கடலோரப் போர்ப்படங்களில் வரக்கூடிய லியூக்கள் குறைந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் இரண்டு வெவ்வேறு போர்களில் வருகிறார்.

முதலாமவர் லியூ யுங்ஃபூ, கருங்கொடிப் படையின் தலைவர். சீன அரசின் ஆளாக ஆரம்பித்தவர் அல்ல. சீனப் பேரரசை எதிர்த்த தைப்பிங் கலகக் காலத்தில் தெற்குச் சீனாவில் ஆயுதம் தூக்கி, பிறகு எல்லை தாண்டி இன்றைய வட வியட்நாமான டோங்கினில் நிலைகொண்டவர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் கொள்ளைக்காரர். 1873 டிசம்பரில் ஹனோய்க்கு வெளியே பிரான்சிஸ் கார்னியேவைக் கொன்றது அவருடைய ஆட்கள். பத்து வருடம் கழித்து, 1883 மே 19 அன்று, அதே சுற்றுவட்டாரத்தில் காகிதப் பாலம் என்ற இடத்தில் ஆன்ரி ரிவியேரையும் கொன்றார்கள். இரண்டு பிரெஞ்சுத் தளபதிகளை வீழ்த்தியவர் என்ற பெயர் ஷாங்காய் வரை பரவியது. படக்கடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல கதாநாயகன் கிடைப்பானா?

இரண்டாமவர் லியூ மிங்சுவான். இவர் முறையான தளபதி. 1884இல் சீன-பிரெஞ்சுப் போர் தொடங்கியபோது தைவானைக் காக்க அனுப்பப்பட்டவர். கீலுங், தம்சுய் என்ற இரண்டு துறைமுகங்களில் பிரெஞ்சுக் கடற்படையோடு மோதினார். நீங்கள் சொல்லும் கடற்கரை, கப்பல், வெளிநாட்டுச் சிப்பாய் எல்லாம் இவருடைய போருக்கும் பொருந்தும்.

அப்புறம் மறுபடியும் லியூ யுங்ஃபூ. 1894-95 சீன-ஜப்பானியப் போரில் சீனா தோற்று, 1895 ஏப்ரல் 17 அன்று ஷிமொனோசெகி ஒப்பந்தத்தில் தைவானை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டது. தைவானில் இருந்தவர்கள் அதை ஏற்காமல் மே மாதத்தில் தனிக் குடியரசு அறிவித்தார்கள். ஜூனில் தைபெய் விழுந்தது. தெற்கே தைனானில் ஐந்து மாதம்போல எதிர்ப்பை நடத்தியவர் நம் பழைய கருங்கொடித் தலைவர்தான். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. படங்களில் மட்டும் வயது ஏறவில்லை.

ஆக எழுத்து ஒன்று, சாத்தியங்கள் மூன்று. எப்படிப் பிரிப்பது? எதிரியின் கொடியிலிருந்து ஆரம்பியுங்கள். மூவண்ணம் என்றால் பிரெஞ்சு, வெள்ளையில் செவ்வட்டம் என்றால் ஜப்பான். சிப்பாயின் முகத்தையும் உடையையும் நம்ப வேண்டாம். இந்த ஓவியர்களில் பலருக்கு வெளிநாட்டுச் சிப்பாய் என்றால் இறுக்கமான கால்சட்டை, பித்தான் வைத்த மேலங்கி, தொப்பி, அவ்வளவுதான். அதே உருவத்துக்குத் தாடி வைத்தால் பிரெஞ்சு, எடுத்தால் ஜப்பான் என்கிற அளவுக்குப் போவதும் உண்டு. தலைப்பாகை கட்டியவர்களைப் பார்த்தவுடன் இந்தியச் சிப்பாய் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. 1900இல் பீஜிங்குக்குப் போன பிரிட்டிஷ் படையில் சீக்கியரும் பஞ்சாபியரும் இருந்தார்கள். ஷாங்காய்த் தெருக்களில் 1880களின் நடுவிலிருந்தே சீக்கியப் போலீஸ் நின்றார்கள். ஓவியர்கள் அவர்களைத் தினமும் பார்த்திருப்பார்கள். இதெல்லாம் சரி, ஆனால் கருங்கொடிப் படையினரும் தலையில் துணி சுற்றியவர்கள்தான்.

சீனக் கப்பலில் டிராகன் கொடி இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். 1880களின் கடைசிவரை அது முக்கோணம், அதற்குப் பிறகு செவ்வகம். முக்கோணக் கொடி பிரெஞ்சுப் போரைக் காட்டும் துப்பு. ஆனால் பழக்கத்தில் பழைய வடிவத்தையே வரைந்துகொண்டிருந்த கை இருந்திருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வீரர்களின் மார்பில் வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். அது 'போர்வீரன்' என்றோ 'வீரம் உள்ளவன்' என்றோ பொருள்படும் படைச் சின்னம். எல்லாப் போரிலும் உண்டு, காலம் கணிக்க உதவாது.

எல்லாவற்றையும்விட உறுதியானது மேலே வலமிருந்து இடமாக எழுதியிருக்கும் தலைப்பு. அதில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இருக்கும். கீலுங் என்றோ தம்சுய் என்றோ இருந்து எதிரி பிரெஞ்சுக்காரன் என்றால் லியூ மிங்சுவான். தைனான் என்றால் 1895. டோங்கின் ஊர் ஏதாவது என்றால் கருங்கொடி. படத்தின் மூலையில் பத்தியாக எழுதிய விவரணை இருந்தால் அதையும் விடாதீர்கள். யார், எப்போது, எப்படி ஜெயித்தார் என்ற கதை அங்கேதான் இருக்கும். சீனம் தெரிந்தவரிடம் கொடியை மட்டும் காட்டி நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், தலைப்பையும் காட்டுங்கள்.

இனி பெயர் விஷயம். "ஓவியர் பெயர் தெரியவில்லை" என்பதைப் படித்ததும் எங்கோ ஒரு பெயர் இருந்து தொலைந்துபோனது போல ஒரு சோகம் வருகிறது. இந்தப் படங்களைப் பொறுத்தவரை அது பொருந்தாது. இவை கடைச் சரக்கு. ஒருவர் மெல்லிய தாளில் வரைவார். அதைப் பேரிமரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி இன்னொருவர் கோடுகளை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்குவார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. மை தடவி, தாளை வைத்து, மேலே தேய்த்து அச்செடுப்பவர் வேறு ஆள். பீஜிங்குக்குத் தென்கிழக்கே தியான்ஜினை ஒட்டிய யாங்லியுச்சிங் போன்ற ஊர்களில் கோடுகளை மட்டும் அச்சடித்துவிட்டு முகத்துக்கும் துணிக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள்; அந்த வேலையில் வீடு வீடாகப் பெண்கள் ஈடுபட்டார்கள். இத்தனை கைகள் பட்ட பொருளில் யார் பெயரைப் போடுவது? போட்டால் கடையின் பெயரைப் போடுவார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு முத்திரையோ, மூன்று நான்கு எழுத்தில் கடைப் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓவியர் பெயரைவிட அது பயன்படும், ஏனென்றால் அதிலிருந்து ஊரையே சொல்லிவிடலாம்.

ஷாங்காயில் இப்படிப்பட்ட கடைகள் நகரக் கடவுள் கோவிலுக்குப் பக்கத்தில் ஷியாவ்ஜியாவ்சாங் என்ற தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. 1860இல் தைப்பிங் படை சுச்சோ நகரைப் பிடித்தபோது, அங்கே தாவ்ஹுவாவூ பகுதியில் புத்தாண்டுப் படம் அச்சடித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் ஷாங்காய்க்கு ஓடிவந்தார்கள். தெய்வப் படம், கொழுகொழு குழந்தைப் படம், நாடகக் காட்சி என்று புத்தாண்டுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள், போர் வந்ததும் போரையும் விற்றார்கள். இதனால்தான் இந்தப் போர்ப்படங்களில் தளபதிகள் நாடக மேடையில் நிற்பது மாதிரி நிற்கிறார்கள். ஒரு கால் முன்னே, கையில் ஈட்டி, முகம் நம்மைப் பார்த்து. துப்பாக்கியும் பீரங்கியும் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருக்கும். தளபதி மட்டும் 'மூன்று ராஜ்ஜியம்' என்ற பழைய சீன வீரக் கதையிலிருந்து இறங்கி வந்தவர் போலக் குதிரைமேல் இருப்பார். இது திறமைக் குறைவு இல்லை. வாங்குகிறவர்களுக்கு வீரன் எப்படித் தெரிவான் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

பெயரோடு வந்த சீனப் போர்ப்படங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சியென்லுங் பேரரசர் தன் மத்திய ஆசிய வெற்றிகளைக் கொண்டாட 16 படங்கள் வரையச் சொன்னார். வரைந்தவர்கள் அரண்மனையில் இருந்த பாதிரி ஓவியர்களான காஸ்திலியோனே, அத்திரே, சிக்கெல்பார்ட், சல்லுஸ்தி. படங்களைப் பாரிசுக்கு அனுப்பி, பிரெஞ்சுக் கலைஞர் கோஷேன் மேற்பார்வையில் தாமிரத் தகட்டில் செதுக்கி, 1770களில் 200 தொகுதிகள் வரவழைத்தார். தகட்டின் அடியில் வரைந்தவர், செதுக்கியவர் பெயர்களும் உண்டு. அது அரசருக்கான வேலை. நீங்கள் பார்த்தது தெருவுக்கான வேலை.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அதே 1894-95 போரை ஜப்பானியர்கள் வரைந்த படங்கள் நூற்றுக்கணக்கில் எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. கோபயாஷி கியோச்சிகா, மிசுனோ தொஷிகாதா, ஒகாதா கெக்கோ என்று ஓவியர் பெயர், பதிப்பாளர் பெயர், முகவரி, தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். ஜப்பானிய ஓவியர்களுக்குப் புகழ் ஆசை அதிகம், சீனர்களுக்கு அடக்கம் அதிகம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓவியருக்கென்று ரசிகர் கூட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதோடு, அன்றைய ஜப்பானின் மெய்ஜி அரசின் பதிப்புச் சட்டம் இந்த விவரங்களைப் போடச் சொன்னது. ஷாங்காய்ச் சந்தில் அச்சடித்தவரை அப்படிக் கேட்க ஆளில்லை. பெயர் இருப்பதாலேயே ஜப்பானியப் படம் நேரில் பார்த்து வரைந்தது என்றும் ஆகிவிடாது. கியோச்சிகா உள்பட பெரும்பாலானவர்கள் தோக்கியோவில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்து வரைந்தவர்கள்தான். பிரிட்டிஷ் நூலகத்தில் இரண்டு பக்கத்துப் படங்களும் இருக்கின்றன. ஜப்பானின் ஆசிய வரலாற்று ஆவண மையத்தோடு சேர்ந்து அவற்றை இணையக் கண்காட்சியாகவே வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து பார்த்தால் ஒரே போரை இருவரும் ஜெயித்திருப்பார்கள்.

அதுதான் உங்கள் மூன்றாவது கேள்வி. படத்தில் இருப்பது நடந்ததா?

எடுத்த எடுப்பில் "பிரச்சாரம், பொய்" என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். காகிதப் பாலத்தில் கருங்கொடிகள் ஜெயித்தது உண்மை. தம்சுயில் 1884 அக்டோபர் 8 அன்று கரையிறங்கிய பிரெஞ்சுக்காரர்களைச் சீனப் படை திருப்பி விரட்டியதும் உண்மை. 1885 மார்ச்சில் சீன-வியட்நாம் எல்லையில் சென்னான் கணவாயில் ஃபெங் சுத்சாய் என்ற முதிய தளபதி ஜெயித்ததும் உண்மை. அதைத் தொடர்ந்து பிரெஞ்சுப் படை லாங் சோனை விட்டுப் பின்வாங்கிய செய்தி பாரிசுக்குப் போய், மார்ச் 30 அன்று பிரதமர் ஜூல் ஃபெரியின் அரசே கவிழ்ந்தது. இன்னொரு பக்கம், 1884 ஆகஸ்ட் 23 அன்று ஃபூச்சோவில் சீனாவின் ஃபூஜியன் கடற்படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுக்கப்பட்டது. டோங்கினில் பாக் நின் என்ற ஊர் அதே வருடம் மார்ச் 12 அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. ஆனால் பாக் நின் 'வெற்றிப் படம்' ஷாங்காயில் விற்றது.

இதற்குச் சாட்சி இருக்கிறது. எர்னெஸ்ட் மேஜர் என்ற ஆங்கிலேயர் ஷாங்காயில் 'ஷென்பாவ்' நாளிதழை நடத்திக்கொண்டிருந்தார். 1884 மே மாதம் அவர் 'தியன்ஷிஷாய்' என்ற சித்திர இதழைத் தொடங்கினார். கல்லச்சில் (கல்லின்மேல் வரைந்து எடுக்கும் அச்சு), பத்து நாளுக்கு ஒருமுறை, இதழுக்கு எட்டுப் படங்கள். முதல் இதழின் முன்னுரையில், பிரெஞ்சு மோதல் தொடங்கியதிலிருந்து ஆர்வக்காரர்கள் வெற்றிப் படங்கள் வரைவதையும், சந்தையில் ஜனங்கள் அதை வாங்கிப் பார்த்துப் பேச்சுக்கு வைத்துக்கொள்வதையும் சொல்கிறார். அதாவது, பெயரில்லாத தெருப் படங்கள் விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் ஒரு பத்திரிகை முதலாளிக்குச் சித்திர இதழ் யோசனையே உறுதிப்பட்டது. அந்த முதல் இதழின் முதல் படம் பாக் நின் சண்டை. அதன் முக்கிய ஓவியர் வூ யோரூ, சுச்சோவிலிருந்து வந்தவர், படக்கடைகளுக்கும் வரைந்து கொடுத்தவர். ஆகவே 'பெயருள்ள பத்திரிகை ஓவியர்', 'பெயரில்லாத கைவினைஞர்' என்று இரண்டு உலகங்கள் இருந்ததாக நினைக்க வேண்டாம். சில சமயம் ஒரே ஆள்தான்.

பொய்யான வெற்றிக்கு என் விளக்கம் இது. 1881 முடிவில் ஷாங்காய்-தியான்ஜின் தந்தி வந்துவிட்டது, வெளிநாட்டுக் கடலடித் தந்தி அதற்குப் பத்து வருடம் முன்பே வந்தது. செய்தி வேகமாக வந்தது, வதந்தியும் அதே கம்பியில் வந்தது. கடைக்காரர் காலையில் கேட்டதை, அடுத்த கடைக்காரர் முந்துவதற்குள் பலகையில் ஏற்ற வேண்டும். சரிபார்க்க நேரமும் இல்லை, காரணமும் இல்லை. புத்தாண்டுப் படம் விற்கும் கடையில், சுவரில் ஒட்டும் காகிதத்தில், தோல்வியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

1895இல் இது உச்சத்துக்குப் போனது. தைவானில் லியூ யுங்ஃபூ ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடிக்கிறார், பெண் தளபதிகள் களமிறங்குகிறார்கள், ஜப்பானியத் தலைமை ஆளுநர் கபயாமாவை உயிரோடு பிடித்து விசாரிக்கிறார்கள். படத்தில் எல்லாம் தத்ரூபம். கபயாமா சுகெனோரி பிடிபடவே இல்லை, 1922 வரை வாழ்ந்தார். லியூ யுங்ஃபூ அக்டோபரில் மாறுவேடத்தில் 'தேல்ஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏறித் தப்பினார். 21ஆம் தேதி ஜப்பானியர் தைனானுக்குள் நுழைந்தார்கள்.

இந்தப் பொய்தான் நமக்கு லாபம். உண்மையான சண்டையை எத்தனை வருடம் கழித்தும் வரையலாம். நடக்காத வெற்றியை, அது நடக்கவில்லை என்று ஊருக்குத் தெரியும்வரைதான் சுடச்சுட விற்க முடியும். ஆகவே கபயாமா கைதாகும் படம் ஒன்று கிடைத்தால், 1895 மே மாதத்துக்கும் அந்த வருடக் கடைசிக்கும் இடையில் வந்திருக்க வேண்டும் என்று நான் துணிந்து எழுதுவேன். "19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி" என்ற அட்டை ஆறேழு மாதமாகச் சுருங்கிவிடும். உங்கள் படத்திலும் தலைப்பைப் படித்ததும் அது எந்த வதந்தியைச் சொல்கிறது என்று தேடுங்கள். ஷாங்காய்ப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்த நாள் கிடைத்தால் படத்தின் தேதியும் ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான்.

பொருளையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். மரப்பலகை அச்சில் நீர் மை தாளின் பின்பக்கம் ஊறித் தெரியும், நிறங்கள் கோட்டைவிட்டுச் சற்று விலகி நிற்கும். கல்லச்சில் தூரிகைக் கோடு அப்படியே நுணுக்கமாக வரும். அடித்துக் கூவும் ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை இருந்தால் இறக்குமதிச் செயற்கைச் சாயம். இந்த மூன்று போருக்குமே அது பொருந்தும். அந்த ஊதா வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். காகிதப் பொருள்களை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் சில மாதம் மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டு உள்ளே எடுத்துவைப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அருங்காட்சியகத்தின் வரவுப் பதிவேடு. இந்தப் படங்கள் சீனாவில் மிகக் குறைவாகவே மிஞ்சின. சுவரில் ஒட்டுவார்கள், வருடம் திரும்பினால் கிழித்துப் புதுசு ஒட்டுவார்கள். கடற்படை ஆட்களும் பாதிரிகளும் தூதரகக்காரர்களும் வேடிக்கைப் பொருளாக வாங்கிப்போனதுதான் வெளிநாட்டில் பிழைத்தது. ரஷ்யச் சீனவியலாளர் வசிலி அலெக்சேயெவ் போல, 1907இல் பிரெஞ்சு அறிஞர் ஷவான்னோடு யாங்லியுச்சிங் வரை போய்த் தேடித்தேடி வாங்கியவர்கள் அபூர்வம். அவர் சேர்த்தவை பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கின்றன. உங்கள் படத்தை 1886இல் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தார் என்று பதிவேட்டில் இருந்தால், ஜப்பானியப் போர் என்ற வாதமே அடிபட்டுப் போகும். கொடுத்தவர் எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில் இருந்தார் என்பது தெரிந்தால் வாங்கிய ஊரும் தெரியலாம்.

அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது நான்கு விஷயங்கள் கேளுங்கள்: தலைப்பு முழுதும் தெரியும் படம், நான்கு மூலைகளின் நெருக்கமான படம், பின்பக்கப் படம், பதிவேட்டில் வரவான தேதியும் கொடுத்தவர் விவரமும். கூடவே, அதே நன்கொடையில் வேறு படங்கள் வந்தனவா என்றும் கேட்டுவிடுங்கள். இவற்றைக் கட்டாக வாங்கியவர்கள் அதிகம். பக்கத்துத் தாளில் கடை முத்திரை தெளிவாக இருந்து, உங்கள் படத்தில் அந்த ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.